வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வழி

அத்தியாயம் பதினொன்று

மழை வரப்போகிறது என்பதைக் காலனியில் எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொள்வது பிரேமாவின் இடது தாடைதான். உள்ளே ஒரு தகடு இருக்கிறது. தகட்டைப் பிடித்துக்கொண்டு சில திருகாணிகள் இருக்கின்றன. கட்டியவன் கையால் வாங்கியது அது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக பஸ் ஏறித் திருவனந்தபுரத்துக்கு அக்கா எலிசாள் வீட்டுக்கு ஓடி வந்தவள், இத்தனை மாதம் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, கிள்ளியாற்றங்கரையில் தன் பெயரிலேயே ஓர் ஒற்றை அறைக்குச் சாவி வாங்கியதைப் போன வாரம் பார்த்தோம். அந்தச் சாவியை அவள் தனக்காக வாங்கவில்லை. சங்கரன்கோவிலில் மாமியார் பிடியில் இருக்கும் மகள் திவ்யலட்சுமிக்காக வாங்கினாள்.

“உங்க பேர்ல ஒரு வீடு, ஒரு வேலை. நீங்க இங்கதான் ஒழுங்கா இருக்கீங்கன்னு சொல்ல நாலு பேர். இதெல்லாம் இருந்தா பிள்ளையைத் தைரியமாக் கேக்கலாம்” என்று இலவசச் சட்ட உதவி வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

வீடு கிடைத்தாயிற்று. ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவும் வேலையும் இருந்தது. நாலு பேருக்காகத்தான் அன்று வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம்.

காலையிலேயே பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் எலிசாளின் மகள் லிபி. பிரேமா தரையில் உட்கார்ந்து, ஊறிய கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒற்றை அறையை நடுவில் ஒரு பிளைவுட் பலகையால் மறித்து, அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் மற்றதெல்லாம். போக வர ஒரே வாசல்.

“இன்னொரு மட்டம் காட்டேன்” என்றாள் பிரேமா.

“சித்தி, நேத்து ராத்திரிதான காட்டினேன்?”

“அது ராத்திரி. இப்ப வெளிச்சத்துல பாக்கேன்.”

லிபி சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள். சபையின் வெப்சைட் திறந்தது.

சபை என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துவிட வேண்டாம். ஆரியசாலையில் ஒரு கயிற்றுக் கிடங்கின் மாடி, அவ்வளவுதான். சென்ட்ரிங் வேலை, ஹோட்டல் வேலை, மொத்தக் கடைகளில் மூட்டை பிரிக்கிற வேலை என்று தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடுவார்கள். கிடங்கின் தூசியில் பாதிப் பேர் தும்மிக்கொண்டேதான் பாடுவார்கள்.

வெப்சைட் வேண்டுமென்று முதலில் ஆசைப்பட்டவர் உபதேசியார் பிச்சைக்கனி. கமிட்டி ஒரு பெரிய ஃபேன் வாங்க வைத்திருந்த பணத்தை அதற்குக் கொடுத்தது. “ஏட்டி லிபி, ஒன் வெப்சைட்டு காத்து வீசுமா?” என்று பூமாரி அக்கா கேட்டு, சபையே சிரித்தது. உபதேசியாருக்கோ தன் படம் மேலே இருக்க வேண்டும், அதன் மேல் ரோஜாப்பூ உதிர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

“ஐயா, பூ உதிர்ந்தா நம்ம ஆளுங்க போன்ல நெட்டு தீர்ந்துபோகும்” என்று சொல்லித் தப்பித்தாள் லிபி.

அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துக்கு வெப்சைட்டின் பெயரைத்தான் வாங்க முடிந்தது. பக்கத்தின் வடிவம் இலவசமாகக் கிடைத்தது. படங்களை அவளே போனில் எடுத்தாள். ‘எங்களிடம் பேச’ என்றொரு கட்டம் வைத்தாள். கடைசியில், இதுவும் இலவசம்தானே என்று, ஒரு வரைபடமும் வைத்தாள்.

அந்த வரைபடத்தைத்தான் எல்லோரும் மெச்சினார்கள். வெள்ளிக்கிழமை ஜெபம் வீடு வீடாகச் சுற்றும். சபையாருக்கு நிலையான வீடு கிடையாது. வேலை எங்கேயோ அங்கே அறை. கதவுக்கு எண் இருக்காது, சந்துக்குப் பெயர் இருக்காது. பாட்டுச் சத்தம் எங்கே கேட்கிறது என்று காது கொடுத்துக்கொண்டே பாதிப் பேர் அலைவார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. இந்த வாரம் ஜெபம் எந்த வீடோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டால் வாசல் வரைக்கும் வழி காட்டும்.

புள்ளிக்குக் கீழே எழுத்து: சங்கரன்கோவில் பிரேமா இல்லம்.

சபையில் பிரேமா இரண்டு பேர். ஒருத்தி தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த போனக்காடு பிரேமா. இவள் சங்கரன்கோவில் பிரேமா. ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் சபையில் ஆள் விளங்கும். உபதேசியார் அறிவிப்பில் எப்படிச் சொன்னாரோ, லிபி அப்படியே எழுதியிருந்தாள்.

பிரேமா அந்தப் பெயரை விரலால் தடவினாள். வரைபடம் நகர்ந்துபோயிற்று. பதறிக் கையை எடுத்தாள்.

“அழிஞ்சுட்டா?”

“அழியாது சித்தி.”

“இதை ஜட்ஜுகிட்ட காட்டலாமா?”

“தாராளமா காட்டலாம். ஃபோட்டோ எடுத்து வக்கீலம்மாவுக்கு அனுப்பியாச்சு.”

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து எலிசாளின் குரல் வந்தது. “நான் நம்ம ஊரு சபை வாட்ஸாப்புலயும் போட்டுட்டேன். எத்தனை பேரு கை கும்பிட்டுருக்காங்க தெரியுமா?”

கடலைக்குள் இருந்த பிரேமாவின் கை நின்றது.

“ஊர்லயுமாக்கா?”

“நம்ம சபை ஆளுகதானட்டி. அவன் வீட்டு ஆளுக சபைப் பக்கம் என்னைக்கு வந்தாங்க?”

பிரேமா தாடையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை வரப்போகிறது, வலிக்கிறது போல என்று லிபி நினைத்தாள். அந்தப் பார்வைக்குள் இறங்கிப் பார்க்க அவளுக்கு அப்போது நேரமில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது.

“பாக்கட்டும்” என்றாள் பிரேமா கடைசியில். “எனக்கும் ஒரு வீடு இருக்குன்னு பாக்கட்டும்.”

லிபி வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை ஆரியசாலையில் ஒரு மிளகாய் மண்டிக்கு மேலே இருந்தது. முதலாளி சுதீஷ் நல்ல மனிதர். கடை கம்ப்யூட்டரில்தான் அவள் வெப்சைட் வேலை முழுவதும் நடந்தது.

அன்று மத்தியானம் கீழே ஒரு சண்டை. மூட்டை இறக்குகிற முறை யாருடையது என்பதில் தொடங்கி, இரண்டு சுமட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டார்கள். ஒருவன் கையில் மூட்டை இழுக்கும் கொக்கி. மற்றவன் தோளில் அது ஏறி, இழுத்தபோது சட்டையோடு சதையும் வந்தது. கொட்டிக் கிடந்த மிளகாய் வற்றல் மேல் ரத்தம் சொட்டியது. சிவப்பின் மேல் சிவப்பு விழுந்ததால், மேலேயிருந்து பார்த்த லிபிக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடிபட்டவன் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் புரிந்தது.

தெருவில் அத்தனை ஆண்கள். எல்லோரும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எந்தா சேட்டா இது, ஒராளு கூட போய்ப் பிடிக்கலையே?” என்றாள் லிபி.

சுதீஷ் ஷட்டரைப் பாதி இறக்கினார். “மோளே, பிடிக்கப் போனவனுக்குத்தான் முதல் குத்து கிட்டும். நீ வந்து பணி நோக்கு.”

வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது, ‘எங்களிடம் பேச’ கட்டத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. வெப்சைட்டுக்கு வந்த முதல் செய்தி!

‘பெயர்’ என்ற இடத்தில் ‘ஒரு பாவி’ என்று இருந்தது. கீழே: ‘உங்கள் ஜெபக் கூட்டத்தில் கலந்துகொள்ள ஆசை. நான் வெளியூர். என்னைப் போன்றவன் வரலாமா?’ ஒரு போன் நம்பர்.

லிபிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. “சேட்டா, பாருங்க! யாரோ நம்ம சைட்டைப் பாத்துட்டு வரேன்னு எழுதியிருக்காங்க!”

“ஆஹா. ஒரு ஆளு வந்தா ஃபேனோட பைசா வசூலாகுமோ?”

“கிண்டல் பண்ணாதீங்க.”

உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் குரல் தழுதழுத்தது. “பாத்தியா மக்கா! ஒரு ஆத்துமா! வரச் சொல்லு. முன்னால உக்கார வைப்போம்.” பாவி என்று எழுதுகிறவன் யார், எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜெப வீட்டுக்கு வருகிறவனை யாரென்று கேட்பது அந்தச் சபையில் வழக்கமில்லை.

லிபி அந்த நம்பருக்கு எழுதினாள்: ‘கண்டிப்பாக வாங்க அண்ணா. சிவப்புப் புள்ளியைத் தொடுங்க, வழி காட்டும். ஸ்தோத்திரம்.’

அன்று மாலை அவளும் ஜெபத்துக்குப் போயிருக்க வேண்டியவள். கல்யாணப் பத்திரிகை ஒன்று அவசரமாக வந்துவிட்டது. பிழை திருத்தித் திருத்தி அடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அதே நம்பர்.

“ஸ்தோத்திரம் அண்ணா. வழி தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது பாப்பா. பழவங்காடியில எறங்கினேன். அங்கேருந்து ஒன் புள்ளி கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டு.”

மெதுவான, இனிமையான குரல். அதற்குப் பின்னால் ஒரு பாட்டுச் சத்தம். சுருதி சேராமல் உயரப் போகிற அந்தக் குரலை லிபிக்கு நன்றாகத் தெரியும். உபதேசியார் பிச்சைக்கனி பாடிக்கொண்டிருந்தார்.

“வாசல்லதான் நிக்கேன்” என்றான் அவன். “ஒனக்கு நன்றி சொல்லணும்னு கூப்பிட்டேன். நீ எலிசா மதினி மகதான? சின்னப் புள்ளையில ஒன்னைத் தூக்கியிருக்கேன்.”

லிபிக்கு ஆள் விளங்கிவிட்டது. பாட்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. இத்தனை மாதமாக, பணம் வேண்டாம், நகை வேண்டாம், அந்தாள் கண்ணில் மட்டும் படக் கூடாது என்று சித்தி சொல்லிச் சொல்லி அழுத அந்தாள். சித்தியின் புருஷன் வன்னியராஜ்.

“வைக்கட்டுமா பாப்பா” என்று வைத்துவிட்டான்.

லிபி அம்மாவைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. சித்தியைக் கூப்பிட்டாள். உபதேசியாரை. பூமாரி அக்காவை. ஜெபம் தொடங்குமுன் எல்லோருடைய போனையும் சத்தத்தை நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது உபதேசியார் சட்டம்.

அப்பா பால்பாண்டி மட்டும் எடுத்தார். ஜெபத்துக்கு அவர் போவதில்லை. காலனிக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டடத்தில் சென்ட்ரிங் பலகை பிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, சித்தியைக் கொல்ல வந்திருக்கான்! சித்தப்பா! வீட்டு வாசல்ல நிக்கான்! ஓடுப்பா!”

மறுமுனையில் இரும்பு ஒன்று தரையில் விழும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

“போலீஸைக் கூப்பிடுங்க சேட்டா!” சுதீஷின் ஸ்கூட்டர் சாவியை மேஜையிலிருந்து பறித்துக்கொண்டு படியில் பாய்ந்தாள். மிளகாய் நெடி கண்ணை எரித்தது. சாலை முழுக்கக் கடை மூடும் நேரத்து வண்டிகள். ஒரு கைவண்டியை இடித்தாள். ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவள் நிற்கவில்லை. தானே வைத்த புள்ளி கண்ணுக்கு முன்னால் எரிந்துகொண்டே வந்தது.

சந்துக்குள் நுழைந்தபோது பாட்டு நின்றிருந்தது.

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளை மிதித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே பாய் கொள்ளாத கூட்டம். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் வன்னியராஜ் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை. சாட்சி சொல்லிக்கொண்டிருந்தான்.

“இந்தக் கையாலதான் அடிச்சேன்” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினான். கண்ணீர் வழிந்தது. “தாடை ஒடைஞ்ச சத்தம் இன்னும் என் காதுல கேக்கு. தூங்கி எத்தனையோ நாளாச்சு. அவ கால்ல விழத்தான் வந்திருக்கேன்.”

“ஸ்தோத்திரம்” என்றது கூட்டம். பூமாரி அக்கா மூக்கைச் சிந்தினாள்.

பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியாக லிபி பார்த்தாள். அம்மா, சித்தியைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்திருந்தாள். ஒரு கை சித்தியின் வாயைப் பொத்தியிருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே வர வேண்டுமென்றால் அவன் முன்னால்தான் வர வேண்டும்.

“சகோதரி பிரேமா” என்று உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டே கூப்பிட்டார். “முன்னால வாங்க. ஆண்டவர் இன்னைக்கு உங்க குடும்பத்தைக் கட்டப் போறார்.”

எலிசாள்தான் வந்தாள். கையில் குழம்புக் கரண்டி.

“உபதேசியாரே, இவனை வெளிய போகச் சொல்லும்.”

“எலிசாள், அப்படிச் சொல்லக் கூடாது. மனம் திரும்பி வந்தவன்.”

“திரும்பினானா? எந்தப் பக்கம்?”

“ஒருக்கா கேட்டுத்தான் பாப்போமே எலிசா” என்றாள் பூமாரி. “அழுதுக்கிட்டுல்லா இருக்காரு.”

லிபியால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்றே கத்தினாள். “சித்தி தாடையை உடைச்சது இந்தாளுதான்! உங்களுக்கெல்லாம் தெரியலையா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. வன்னியராஜ் அவளைப் பார்த்துப் பரிவோடு தலையாட்டினான். “ஆமா பாப்பா. நான்தான். அதைத்தான இம்புட்டு நேரமாச் சொல்லிட்டு இருக்கேன்?”

அவ்வளவுதான். அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. அதை அவனே முதலில் எடுத்துச் சபைக்கு முன் வைத்துவிட்டான். இனி அதற்குக் கூர் இல்லை. கூட்டம் அவளைத்தான் கோபமாகப் பார்த்தது.

பிரேமா பலகையைத் தாண்டி வந்தாள். யாரும் இழுக்கவில்லை, தானாகத்தான் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் எழுந்து நின்றான்.

“வரமாட்டேன்” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. “இது என் வீடு. நீங்க போங்க.”

சித்தி ஜெயித்துவிட்டாள் என்று லிபி ஒரு கணம் நினைத்தாள்.

வன்னியராஜ் கண்ணைத் துடைத்தான். ஒரே துடைப்பில் கண்ணீர் நின்றுவிட்டது.

“திவ்யாவைக் கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றான்.

பிரேமாவின் முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்தது.

“எங்க?”

“இந்த ஊர்லதான். ஒரு எடத்துல உக்கார வச்சிருக்கேன். அப்பா வார வரைக்கும் அசையக் கூடாது, யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். சொன்னா கேக்குற புள்ள. ஒன்னை மாதிரி இல்ல.”

“எங்கன்னு சொல்லுங்க.”

“வா, காட்டுதேன். வந்தா காட்டுதேன்.”

“இருட்டப் போகுது. அவளுக்கு இருட்டுன்னா பயம்.”

“அப்ப சீக்கிரம் வா.”

பிரேமா செருப்பைத் தேடினாள். கால் வேறு யாருடையதோ செருப்புக்குள் நுழைந்தது. எலிசாள் குறுக்கே பாய்ந்து வாசலை மறித்தாள். “போகாதட்டி! புள்ளையைக் காட்ட மாட்டான், ஒன்னைத்தான் கொல்லுவான்!”

வன்னியராஜ் எலிசாளின் வயிற்றில் உதைத்தான். பேச்சும் இல்லை, கோபமும் இல்லை. கதவைத் தள்ளுகிற மாதிரி உதைத்தான். எலிசாள் மடங்கி விழுந்தாள். கரண்டி சுவரில் மோதியது.

“அக்கா!” என்று திரும்பிய பிரேமாவின் கூந்தலை அவன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தான். “நட.” அவள் அக்காவிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நடன்னு சொன்னேன்லா?” வாசல் நிலையில் அவள் முகத்தை மோதினான். இடது பக்கம். எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியும். மறுபடியும் மோதினான். உள்ளே எதுவோ நொறுங்குகிற சத்தம், கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது.

லிபி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வாயில் உப்புக் கரித்தது. அவன் உதறிய உதறலில் அவள் கூடை மேல் போய் விழுந்தாள். போன்கள் சிதறின. தலை சுற்றியது. மாடி மாடியாக இரும்பு சுமக்கிற ஆண்கள் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பது தெரிந்தது.

“புருசன் பொண்டாட்டி விவகாரம்லா” என்றது ஒரு குரல்.

உபதேசியார் பிச்சைக்கனி கண்ணைத் திறந்தார். அவருடைய ஜெபம் பாதியில் நின்றது. சின்ன உருவம், வயதான எலும்பு. எழுந்துபோய் வன்னியராஜின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தார்.

“விடுடே. நான்தான் ஒன்னை உள்ள விட்டேன். விடுடே அவளை.”

முழங்கை அவர் வாயில் இறங்கியது. பல்லும் ரத்தமுமாகச் சரிந்தார். ஆனால் சட்டையை விடவில்லை. சட்டை கிழிந்து, ஒரு துண்டு அவர் கையோடு வந்தது.

அந்த நேரத்தில்தான் சந்தில் ஓடி வரும் காலடி கேட்டது.

பால்பாண்டி. உடம்பெல்லாம் சிமெண்ட் பால், கையில் பலகை பிரிக்கிற கம்பி. அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு செய்திதான். மகள் போனில் கத்தியது. அதன் பிறகு இந்த அறைக்குள் பேசப்பட்ட எதுவும் அவருக்குத் தெரியாது.

லிபி எழுந்தாள். “அப்பா, வேண்டாம்! அடிக்காத! திவ்யா...”

கூட்டம் இப்போதுதான் அலறத் தொடங்கியிருந்தது. அந்த அலறலில் அவள் குரல் அவரை எட்டவில்லை.

கம்பி வன்னியராஜின் காதுக்கு மேலே இறங்கியது. அவன் கை பிரேமாவின் கூந்தலை விட்டது. ஏதோ மறந்ததை நினைக்கிறவன்போல நின்றான். இரண்டாவது அடி விழுந்தபோது முழங்கால் மடங்கி, செருப்புக் குவியலின் மேல் சாய்ந்தான். வெள்ளைச் சட்டையின் கழுத்து மெல்ல மெல்ல நிறம் மாறியது.

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கையில் லிபி தொங்கினாள்.

அடுப்பில் கடலை தீய்ந்து, கருகல் நாற்றம் பரவியது. போய் அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பால்பாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தார். “ஏன் எல்லாரும் என்னை இப்படிப் பாக்கிய? காப்பாத்திட்டேன்லா?”

லிபி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பியை வாங்கினாள். “அப்பா... திவ்யாவை இந்த ஊர்ல எங்கேயோ உக்கார வச்சிருக்கானாம். எங்கன்னு இவனுக்கு மட்டும்தான் தெரியும்.”

பால்பாண்டி கீழே கிடந்தவனைப் பார்த்தார்.

பிரேமா தவழ்ந்துதான் வந்தாள். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வன்னியராஜின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். முந்தானையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தினாள். துணி நனைந்தது. இன்னும் அழுத்தினாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை, இந்த ஆள் செத்துப்போக வேண்டும் என்று கயிற்றுக் கிடங்கு மாடியில் முழங்காலில் நின்று கேட்டவள், இப்போது அவன் கன்னத்தில் தட்டித் தட்டிக் கெஞ்சினாள். உடைந்த வாயில் வார்த்தை உருப்படியாக வரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

“செத்துராதீங்க. புள்ள எங்க? சொல்லுங்க. நான் வாரேன், உங்க கூடவே வாரேன். எங்க வச்சிருக்கீங்க?”

வன்னியராஜின் இமை அசைந்தது. கண் திறந்தது. பார்வை கூரையில் கொஞ்சம் அலைந்து, பிரேமாவின் முகத்தில் வந்து நின்றது. தெளிவான பார்வை. ஆளைத் தெரிந்த பார்வை. உதடு பிரிந்தது.

“தண்ணி கொண்டா!” என்று கத்தினாள் லிபி. பூமாரி ஓடினாள். பிரேமா அவன் வாயருகே காதைக் கொண்டுபோனாள். “சொல்லுங்க. கேக்கு. சொல்லுங்க.”

அவன் அவளைப் பார்த்தான். அவளுடைய தொங்கிய தாடையை, அழுத்திக்கொண்டிருந்த கையை, பின்னால் நிற்கும் பால்பாண்டியை. நிதானமாக எல்லாவற்றையும் பார்த்து முடித்தான்.

பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான்.